4வது கியரில் மட்டும் அடங்கிய சத்தம்: தேய்ந்த கியர்பாக்ஸ் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 22 ஆண்டு பழையது. பின்சக்கர இயக்கம், 5 வேக மேனுவல் கியர்பாக்ஸ், ஓடியது 2,38,000 கிமீ. என்ஜின் கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் சீராக இருந்தது, அடித்தளத்தில் துரு இல்லை. அதனால் வண்டியைத் தள்ளிவிடும் எண்ணம் உரிமையாளருக்கு இல்லை. கியர்பாக்ஸை அதுவரை யாரும் பிரித்ததில்லை. அதன் பின்முனை ஆயில் சீலை மட்டும் மூன்று ஆண்டுகளில் இருமுறை மாற்றியிருந்தார்கள். அந்தச் செய்தியைத் தொடக்கத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு எல்லாம் அங்கேதான் போய் நின்றது.

குறைகள் மூன்று. முதலில் வந்தது ஒரு உறுமல். சில மாதம் கழித்து, 4வதிலிருந்து 3வதுக்கு இறக்கும்போது கரகரவென்று பல் உரசியது. கடைசியாக, 4வது கியரில் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் லிவர் துள்ளி நியூட்ரலுக்கு வந்தது. முன்பு பார்த்த பணிமனையில் 3–4 சின்க்ரோ செட் (கியர் விழும் முன் வேகங்களைச் சமப்படுத்தும் வளையங்கள்) போய்விட்டது, அதை மாற்றினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். கரகரப்புக்கும் துள்ளலுக்கும் அது பொருந்தும். முதலில் வந்த உறுமலுக்குப் பொருந்தாது. குறைகள் எந்த வரிசையில் வந்தன என்று உரிமையாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ள ஐந்து நிமிடம்தான் ஆகும், ஆனால் பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுகிறோம்.

பெட்டியை இறக்கும் முன் பார்த்தவை

முதலில் கிளட்ச். கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டாலும் கியர் கரகரக்கும், பழி சின்க்ரோ மேல் விழும். என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, பெடலை முழுக்க மிதித்து, பத்து எண்ணியபின் ரிவர்ஸ் போடப்பட்டது. இந்தப் பெட்டியில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. கிளட்ச் சிறிது இழுத்தாலும் அங்கே பல் உரசிக் காட்டிக்கொடுக்கும். சத்தமில்லாமல் விழுந்ததால் கிளட்ச் மேல் குறையில்லை என்று உறுதியானது.

அடுத்து பெட்டியைத் தாங்கும் மவுன்ட். பின் மவுன்டின் ரப்பர் கிழிந்திருந்தால் ஆக்சிலரேட்டரை விடும்போது மொத்தப் பெட்டியும் நகரும். லிவர் ஏதாவது ஒன்றில் முட்டினால் கியர் வெளியே வரும். ரப்பர் நன்றாகவே இருந்தது. லிவரின் அடியில் உள்ள நைலான் புஷ் தேய்ந்திருந்ததால் மாற்றினோம். லிவரின் தொளதொளப்பு போனது, துள்ளல் போகவில்லை.

பிறகு ரோடு டெஸ்ட். 1, 2, 3, 5 ஆகிய நான்கு கியரிலும் உறுமல் இருந்தது, இழுவை கூடும்போது ஏறியது. 4வதில் ஏறக்குறைய அமைதி. இவ்வகைப் பெட்டியில் 4வது நேரடி கியர். என்ஜினிலிருந்து வரும் இன்புட் ஷாஃப்டும் சக்கரங்களுக்குப் போகும் மெயின் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுழலும். மற்ற கியர்களில் இழுவையைக் கடத்தும், கீழே உள்ள லே ஷாஃப்ட் சும்மா சுற்றுமே தவிர அதன் மேல் பாரம் இருக்காது. ஆகவே 4வதில் அடங்கும் சத்தத்துக்குச் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: லே ஷாஃப்ட்டின் பேரிங்குகள், அல்லது இன்புட் ஷாஃப்ட்டின் பின்புறக் குழிக்குள் மெயின் ஷாஃப்ட்டின் மூக்கைத் தாங்கும் நீடில் பேரிங் (ஊசி போல் மெல்லிய உருளைகள் கொண்டது). மற்ற எல்லா கியரிலும் அந்த நீடில்கள் இரண்டு வேறு வேகங்களுக்கு நடுவே உருளும். 4வதில் மட்டும் இரு ஷாஃப்டும் சேர்ந்து சுற்றுவதால் உருளாமல் நிற்கும்.

வண்டி நிற்கும்போது, நியூட்ரலில் கிளட்சை விட்டால் லேசான முனகல் கேட்டது. மிதித்தால் நின்றது. இதை வைத்து லே ஷாஃப்ட் பேரிங்தான் என்று வேலைக் குறிப்பில் எழுதப்பட்டது. அது தவறு என்று பின்னால் தெரிந்தது. அந்த முனகல் இன்புட் ஷாஃப்ட்டின் முன் பேரிங்கிலிருந்து வந்தது. ஓடும்போது கேட்ட உறுமலோடு அதற்குத் தொடர்பே இல்லை. 4வது கியர் துள்ளுவதையும் கணக்கில் சேர்த்திருந்தால் நீடில் பக்கம்தான் தராசு சாய்ந்திருக்கும். மூக்கு ஆடினால் இரு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, கியரைப் பூட்டும் ஸ்லீவ் சாய்வாகப் பிடிக்கும், பாரம் குறையும்போது மெல்லத் தவழ்ந்து வெளியேறும்.

எண்ணெயில் கிடைத்த சான்று

ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகே டிரெயின் பிளக்கில் ரெஞ்ச் வைக்கப்பட்டது. எண்ணெயை வடித்தபின் ஃபில்லர் இறுகிக் கழலாமல் போனால், நகர்த்தவும் முடியாத காலிப் பெட்டி மிஞ்சும். கையேட்டின்படி கொள்ளளவு 2.4 லிட்டர். வடிந்தது 1.3 லிட்டர்.

டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. இதில் பசைக்குள் செதில்கள் இருந்தன. துணியில் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது ஒவ்வொரு செதிலும் ஒரு பக்கம் கண்ணாடி போல வழவழப்பு, மறு பக்கம் சொரசொரப்பு. பேரிங் ஓடும் பரப்பு பொரிந்து உதிர்ந்தால்தான் இப்படி வரும், கியர்ப் பல் உடைந்த துண்டு தடித்துக் கோணலாக இருக்கும். எண்ணெயை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டதும் பொன்னிறத் துகள்கள் விளிம்பில் மினுங்கின. அது சின்க்ரோ ரிங்கின் பித்தளை.

பழைய சர்வீஸ் பில்லில் ஜிஎல்-5 தரக் கியர் எண்ணெய் ஊற்றியதாக இருந்தது. கையேடு சொல்வது 75டபிள்யூ-90, ஜிஎல்-4. ஜிஎல்-5-இல் உயர் அழுத்தத்துக்கான கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். டிஃபரென்ஷியலுக்கு அது தேவை. பித்தளைச் சின்க்ரோவுக்கோ சற்று உராய்வு வேண்டும், வழுக்கினால் அது தன் வேலையைச் செய்யாது. பழைய கலவைகள் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கவும் செய்தன. 3வது ரிங் தேய்ந்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம். ஆனால் பெட்டியைக் கெடுத்தது எண்ணெயின் ரகத்தைவிட அதன் அளவே.

அளவு ஏன் குறைந்தது என்பது வண்டிக்கு அடியில் தெரிந்தது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன்முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டியபோது, டெயில் ஹவுசிங்குக்குள் (பெட்டியின் பின்முனை உறை) கண்ணுக்குத் தெரியும் ஆட்டம். உள்ளே இருக்கும் புஷ் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. யுனிவர்சல் ஜாயின்ட்டின் கிராஸ் மூடிகளைச் சுற்றித் துருப்பொடி, ஒரு கோணத்தில் பிடித்துக்கொள்ளும் இறுக்கம். ஜாயின்ட் அதிர்ந்து புஷ்ஷைத் தின்றது. புஷ் தேய்ந்ததால் அதற்குள் ஓடும் ஷாஃப்ட் முனையான யோக் ஆடி சீலைக் கிழித்தது. ஆடும் யோக்கின் மேல் எத்தனை புது சீல் போட்டாலும் சில மாதத்தில் கசியும். இருமுறை சீல் மாற்றியதன் கதை அதுதான்.

முதல் முடிவு: எதைச் செய்வது

மூன்று வழிகள் இருந்தன. எண்ணெயை மாற்றி ஓட்டுவது முதலாவது. செதில் தெரிந்தபின் அது வெறும் நாள் கடத்தல், பொரிந்த பரப்பு ஆறாது. இரண்டாவது, பழைய பெட்டி ஒன்றை வாங்கி அப்படியே மாட்டுவது. மூன்றாவது, இருப்பதைப் பிரித்துச் சரிசெய்வது.

கிடைத்த பழைய பெட்டியைப் பார்த்தோம். எண்ணெயை வடித்துக் கழுவி வைத்திருந்தார்கள், ஆக உள்ளே நடந்ததற்குச் சான்று ஏதும் மிச்சமில்லை. இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றி ஐந்து கியரும் ரிவர்ஸும் போட்டுப் பார்த்ததில் எல்லாம் விழுந்தன. ஆனால் 2வதில் ரிங் பிடிப்பில்லாமல் சறுக்கியது. பெல் ஹவுசிங்கில் ஒரு போல்ட் காது விரிசல் விட்டிருந்தது. அப்படியே மாட்டும் தகுதி அதற்கு இல்லை. வேண்டாம் என்று திருப்பி அனுப்பாமல் தேவைப்பட்டால் எடுப்பதாகச் சொல்லி வைத்தது பின்னால் கைகொடுத்தது. பெட்டியைப் பிரித்துச் சரிசெய்வது என்று முடிவானது, உதிரி பாகம் எதையும் அப்போது வாங்கவில்லை.

இறக்கியது

பேட்டரி நெகட்டிவ் கழற்றி, உள்ளிருந்து லிவரை எடுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஃபிளான்ஜில் கோடு போட்டு இறக்கினோம். அதே நிலையில் திரும்ப மாட்டாவிட்டால் பேலன்ஸ் கெட்டு அதிர்வு வரும். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரை ஹோஸோடு ஓரமாகக் கட்டி வைத்ததால் ஏர் எடுக்கும் வேலை மிச்சம். ஸ்டார்ட்டர், ஸ்பீடோ கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், சைலன்சர் தாங்கி ஆகியவை அடுத்து. குறுக்குச் சட்டத்தை எடுக்கும் முன் என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுக்க வேண்டும். இல்லையென்றால் என்ஜின் பின்பக்கம் சாயும்.

பெட்டியைப் பின்னால் இழுக்கும்போது அதன் எடை ஒரு நொடிகூட இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கக் கூடாது. தொங்கினால் கிளட்ச் டிஸ்க்கின் ஹப் வளையும், பிறகு கிளட்ச் இழுக்கும். ஏற்றும்போதும் இதே கவனம் தேவை.

திறந்தபோது கண்டது

லே ஷாஃப்ட்டின் டேப்பர் ரோலர்கள் மங்கியிருந்தன, பொரியவில்லை. செதில்கள் வந்த இடம் மெயின் ஷாஃப்ட்டின் மூக்கு. நீடில் ரோலர்கள் நீலம் பூத்திருந்தன, அதாவது வறண்ட சூட்டில் ஓடியிருக்கின்றன. மூக்கின் ஒரு பக்கத்தில், சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு, உலோகம் பெயர்ந்து குழிகள். நகத்தை மெல்ல வருடினாலே தட்டுப்பட்டது. இந்தப் பெட்டியில் அந்த நீடில்களுக்கு எண்ணெய் போவது இன்புட் கியரின் பற்களுக்கு நடுவே உள்ள சிறு துளைகள் வழியாக. எண்ணெய் மட்டம் இறங்கியதும் முதலில் பட்டினி கிடப்பது மேல்வரிசையில் உள்ள அந்த இடம்தான். கீழே எண்ணெயில் முங்கிக் கிடந்த லே ஷாஃப்ட் தப்பித்துக்கொண்டது.

நீடில் செட் எளிதில் கிடைக்கும் சின்னப் பொருள். ஆனால் அது ஓடுவதற்குத் தனியாக உள்வளையமோ வெளிவளையமோ இல்லை. உள்பரப்பு மெயின் ஷாஃப்ட்டின் மூக்கேதான், வெளிப்பரப்பு இன்புட் ஷாஃப்ட்டின் குழிச் சுவரேதான். குழிச் சுவரிலும் கோடு விழுந்திருந்தது. பொரிந்த மூக்கின் மேல் புது நீடில் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் பழைய கதை திரும்பும். சின்க்ரோ செட் மட்டும் மாற்றுவது என்ற முதல் ஆலோசனையைக் கேட்டிருந்தாலும் இதே கதிதான்.

சின்க்ரோ ரிங்கைக் கியரின் கூம்பு மேல் கையால் அழுத்திச் சுழற்றிப் பார்த்தால் அதன் ஆயுள் தெரியும். நல்ல ரிங் கவ்விக்கொண்டு நிற்கும். இந்த 3வது ரிங் சோப்பு தடவியது போல் சுற்றியது. உட்புறத்தில் எண்ணெய்ப் படலத்தை வெட்ட வேண்டிய மெல்லிய மரைகளின் முனைகள் மழுங்கித் தட்டையாகிவிட்டன. ரிங்குக்கும் கியர்ப் பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் வைத்ததில் 0.3 மிமீ, கையேடு அனுமதிக்கும் குறைந்தபட்சம் 0.8 மிமீ. 4வது 0.7, 2வது 1.1, 1வது 1.3. மூக்கு ஆடி, ஸ்லீவைச் சுமக்கும் 3–4 ஹப் சாய்வாகச் சுழன்று, அந்த இரண்டு ரிங்கை மட்டும் தின்றிருக்கிறது. ஸ்லீவைத் தள்ளும் ஷிஃப்ட் ஃபோர்க்குக்கும் ஸ்லீவ் பள்ளத்துக்கும் நடுவே 0.5 மிமீ. 1.0 வரை ஏற்கலாம், ஆகவே ஃபோர்க் அப்படியே இருந்தது.

இரண்டாவது முடிவு: எதிலிருந்து எதை எடுப்பது

மெயின் ஷாஃப்ட் புதிதாகக் கிடைக்கவில்லை. சொல்லி வைத்த பழைய பெட்டியை இப்போது உதிரிக்காக வாங்கிப் பிரித்தோம். அதன் மூக்கும் குழிச் சுவரும் கண்ணாடி போலிருந்தன.

இங்கே அவசரப்பட்டால் புதுச் சத்தம் வாங்கிக்கொள்ளலாம். ஒன்றோடொன்று ஓடித் தேய்ந்த கியர்கள் ஜோடி. இன்புட் ஷாஃப்ட்டை மட்டும் எடுத்து நம் லே ஷாஃப்டோடு சேர்த்தால் பற்களின் தேய்மானம் பொருந்தாமல் ஊளையிடும். லே ஷாஃப்ட்டையும் மாற்றினால் மெயின் ஷாஃப்ட்டில் உள்ள எல்லா கியரும் அதோடு வந்தாக வேண்டும். ஆகவே வாங்கிய பெட்டியின் கியர் தொகுதி முழுவதையும் எடுத்து, விரிசல் இல்லாத நம் பழைய உறைக்குள் அமைப்பது என்று முடிவு. புதிதாகப் போட்டவை: 1 முதல் 4 வரை சின்க்ரோ ரிங், ஹப்பில் அமரும் அவற்றின் சிறு சாவிகளும் ஸ்பிரிங்குகளும், நீடில் செட், இன்புட் பேரிங், மெயின் ஷாஃப்ட் பேரிங், லே ஷாஃப்ட் டேப்பர் ஜோடி, எல்லா ஆயில் சீல், டெயில் புஷ், யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸ் இரண்டு. கிளட்ச் டிஸ்க்கில் பாதிக்கு மேல் தடிப்பு இருந்தாலும் டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் முனையின் பைலட் புஷ் நான்கும் மாற்றப்பட்டன. அதற்காக இன்னொரு முறை பெட்டியை இறக்குவது மடமை.

சேர்த்தது

ஹப்பையும் ஸ்லீவையும் பிரிக்கும் முன்பே பெயின்ட்டால் கோடு போட்டிருந்தோம். ஹப்பின் இருபக்கமும் ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒரு பக்கத் திட்டு உயரம். திருப்பிப் போட்டால் கியர் முழுதாக விழாது. இந்தப் பெட்டியில் இரு ஸ்பிரிங்குகளின் கொக்கியும் ஒரே சாவியில் மாட்டக் கூடாது. பேரிங்கைச் சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கி, உள்வளையத்தைப் பிடித்து ஷாஃப்ட்டில் இறக்கினோம். வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் பள்ளம் விட்டுப் புது பேரிங்கே முதல் நாளிலிருந்து கத்தும். செலக்டர் ராடுகளுக்கு நடுவே உள்ள இன்டர்லாக் பின்கள் கிரீஸோடு ஒட்டி வைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று விடுபட்டால் இரண்டு கியர் ஒன்றாக விழுந்து பெட்டி பூட்டிக்கொள்ளும்.

லே ஷாஃப்ட் வேறு உறைக்கு வந்ததால் அதன் ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) புதிதாக அளந்து தேர்ந்தார்கள். அந்த ஒரு அளவுக்கு ஒரு முழு முற்பகல் செலவானது. இன்புட் பேரிங்கைப் பிடிக்கும் சர்க்ளிப்பையோ பழைய ஷாஃப்ட்டிலிருந்து எடுத்து அளக்காமல் மாட்டிவிட்டார்கள்.

வண்டியில் ஏற்றி, சமதளத்தில் நிறுத்தி, ஃபில்லர் துளையில் வழியும்வரை ஜிஎல்-4 ஊற்றியதில் 2.3 லிட்டர் பிடித்தது.

பின்னர் நடந்தது

உறுமல் இல்லை. 3வது வெண்ணெய் போல் விழுந்தது. 500 கிமீயில் எண்ணெயை மாற்றியபோது காந்தத்தில் மெல்லிய பசை மட்டும், செதில் இல்லை. ஆனால் 800 கிமீ அளவில், நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டபோது 4வது லிவர் துடித்தது. இருமுறை வெளியேயும் வந்தது.

மவுன்டும் லிவரும் சரி. பெட்டியை மறுபடி இறக்கி, பெல் ஹவுசிங்கில் டயல் கேஜ் வைத்து இன்புட் ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்ததில் 0.25 மிமீ ஆட்டம். இருக்க வேண்டியது 0.1-க்குள். சர்க்ளிப்புகள் 0.05 மிமீ படிகளில் பல தடிப்பில் வருவது இதற்காகத்தான். ஷாஃப்ட்டின் பள்ளமும் பேரிங்கின் அகலமும் பெட்டிக்குப் பெட்டி இம்மியளவு மாறும். பழைய சர்க்ளிப் பழைய ஷாஃப்ட்டுக்கு அளந்து போட்டது. பாரம் விடும்போது இன்புட் ஷாஃப்ட் முன்னால் நகர்ந்து, 4வது ஸ்லீவின் பிடிப்பு குறைந்திருக்கிறது. நான்கு படி தடித்த சர்க்ளிப் போட்டதும் ஆட்டம் 0.05-க்கு வந்தது. ஸ்லீவின் பல்முனைகள் அந்த 800 கிமீயில் மழுங்கவில்லை, அதனால் வேறெதையும் தொட வேண்டியிருக்கவில்லை. பாகம் கைக்குள் அடங்கும் ஒரு வளையம். வேலை இரண்டு நாள்.

12,000 கிமீ கழித்துப் பார்த்தபோது எண்ணெய் மட்டம் துளையின் விளிம்பிலேயே இருந்தது, டெயில் சீல் உலர்ந்திருந்தது. 4வது மீண்டும் துள்ளவில்லை. குளிர்ந்த நிலையில் முதல் சில நிமிடம் 2வது சற்று இறுக்கமாக விழுகிறது. சூடானதும் போய்விடுகிறது. அதற்காகப் பெட்டியைத் தொடவில்லை.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

இதே வேலை மறுபடி வந்தால் மூன்று இடங்களில் மாற்றம் இருக்கும். சத்தமும் துள்ளலும் தனித்தனிக் குறைகளாக எழுதப்படாது, இரண்டையும் ஒரே பாகம் விளக்குமா என்று முதலில் கேட்கப்படும். 4வதில் அடங்கும் உறுமலும் 4வதிலேயே துள்ளலும் சேர்ந்து வந்தால், நீடிலோடு மெயின் ஷாஃப்டும் இன்புட் ஷாஃப்டும் போயிருக்கக்கூடும் என்று பெட்டியை இறக்கும் முன்பே உரிமையாளரிடம் சொல்லப்படும். இந்த முறை திறந்தபின் சொன்னதால், வேலை பாதியில் நிற்க அவர் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. அவருக்கு அது நியாயமில்லை.

டெயில் சீல் கசிகிறது என்று வரும் எந்த வண்டியிலும் யோக்கை ஆட்டிப் பார்க்காமல் சீல் மாற்றப்படாது. முதல் கசிவிலேயே புஷ்ஷும் கிராஸும் மாற்றி எண்ணெய் மட்டத்தை நிரப்பியிருந்தால் இந்தப் பெட்டியைத் திறக்கும் தேவையே வந்திருக்காது என்பது எங்கள் உறுதியான கருத்து.

மூன்றாவது, பணிமனையின் சோதனைத் தாளில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: உறை மூடியபின், வண்டியில் ஏற்றும் முன், டயல் கேஜால் இன்புட் ஷாஃப்ட்டின் ஆட்டத்தை அளந்து எண்ணை எழுதவும். எண் இல்லாத தாளோடு பெட்டி மேசையை விட்டு இறங்காது.